எட்டரை மணி மழை

மனு திரும்பி வந்திருந்தது. மேலே சிவப்பு மையில் இரண்டு ஆங்கில வார்த்தைகள்.

"நாட் கன்டினியூஸ்னு போட்டிருக்காங்கம்மா" என்றார் கிளார்க்.

"அப்படின்னா என்ன சார்?"

"இடையில அறுபடாம வேலை பாத்திருக்கணும்னு அர்த்தம். நீங்கதான் தொண்ணூறு நாளைக்கு ஒருக்கா அறுந்து அறுந்து வாரியளே."

"நானா சார் அறுத்தேன்?"

அவர் சிரித்தார். அவளும் கொஞ்சம் சிரித்து வைத்தாள்.

அணைக்கட்டு அலுவலகத்தில் பதினொரு வருடமாகத் தற்காலிக வேலை. தினமும் காலை எட்டரைக்கு மழைமானியைத் திறக்க வேண்டும். விழுந்த தண்ணீரை அளந்து பதிவேட்டில் எழுத வேண்டும். பக்கத்தில் கையெழுத்து.

எண்பத்தொன்பது நாள் முடிந்தால் ஒரு நாள் நிறுத்தம். மறுநாள் புது உத்தரவு.

நிரந்தரம் கேட்டு இது மூன்றாவது மனு. அடுத்த வருடம் வயது தாண்டிவிடும்.

கிளார்க்கின் தலைக்கு மேலே கண்ணாடிச் சட்டத்தில் ஆங்கிலத்தில் ஒரு பாராட்டுக் கடிதம். இந்த நிலையத்து மழைப் பதிவுக்காக வந்தது. பதினொரு வருடம், ஒரு நாளும் விடுபடவில்லையாம்.

அவள் எழுத்துக் கூட்டிப் பார்த்தாள்.

கன்டினியூஸ். அதே வார்த்தை.

மனுவில் அதற்கு முன்னால் ஒரு சின்ன வார்த்தை கூடுதல். அவ்வளவுதான்.

மழைக்கு நிறுத்த நாள் தெரியாது, பாருங்கள். அந்த நாட்களிலும் அவள்தான் வந்தாள். கூலி கிடையாது. பதிவேட்டில் கட்டம் காலியாகக் கிடக்கக் கூடாதே.

"அளந்து எழுதிட்டுப் போங்கம்மா. கையெழுத்து மட்டும் போட்டுராதிய" என்று முதல் வருடமே சொல்லியிருந்தார் கிளார்க்.

அவளும் போட்டதில்லை.

வியாழக்கிழமை அடுத்த நிறுத்த நாள்.

விடியலில் நல்ல மழை. எட்டரைக்குத் தூறல் மட்டும் இருந்தது. குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு மழைமானியைத் திறந்தாள். அளவுக் குடுவையில் ஊற்றி, கண் மட்டத்துக்கு உயர்த்திப் பார்த்தாள்.

பதினான்கு புள்ளி இரண்டு.

அலுவலகத்துக்கு இன்னும் யாரும் வரவில்லை. பதிவேட்டை விரித்து எழுதினாள்.

பக்கத்துக் கட்டத்தில் பேனா கொஞ்ச நேரம் நின்றது.

பிறகு, அமலோற்பவம் என்று தன் முழுப் பெயரையும் எழுதினாள். கீழே தேதி.

வெளியே ஈரக் காற்று. மை காய நேரமெடுத்தது.

காய்கிறவரை அவள் பதிவேட்டை மூடவில்லை.