மாற்றாள்

பிலிப்பைன்ஸ் கடற்படையில் முப்பத்தொரு வருடம் இருந்தவர் விலானுவேவா. கடைசி இரண்டு வருடமும் பவளப்பாறையில் தரைதட்டி நின்ற ஒரு பழைய கப்பலுக்கு அவர்தான் தளபதி. மாற்றாள் வந்து பொறுப்பேற்காமல் அவர் இறங்கக்கூடாது என்பது உத்தரவு. ஆள் வரவே இல்லை. நோய் முற்றிய பிறகு அவரைப் படகில் தூக்கி வந்தார்கள்.

இப்போது ஜெர்மனியில், டார்ம்ஸ்டாட்டில் மகள் வீட்டில், நாலாம் மாடியில் இருக்கிறார். வந்து ஆறு வருடமாகியும் ஒருநாள்கூட வாசலைத் தாண்டியதில்லை. காலையில் மாத்திரை கொடுக்க வரும் பராமரிப்பாளர் ஜெயமலரிடம், "பொறுப்பேற்க வந்தீர்களா?" என்று ஜெர்மனில் கேட்பார். அவள் இல்லை என்பாள்.

செவ்வாய்க்கிழமை அவர் கண் கலங்கியிருந்தது. ஜெயமலருக்கு மனம் கேட்கவில்லை. ஆமென்று சொல்லிவிட்டாள்.

அவர் எழுந்து நிமிர்ந்து சல்யூட் அடித்தார். "கப்பலில் ஏழு பேர். தண்ணீர் நாலு நாளைக்கு இருக்கிறது" என்றார். பிறகு சப்பாத்தைப் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார். யன்னல் வழியே பார்த்தாள். டிராமுக்குக் காத்திருந்தவர்களோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டதால் அவளும் பையை எடுத்துக்கொண்டாள். கதவு திறந்துதான் கிடந்தது. வாசலில் கால் எழவில்லை. மூன்று முறை முயன்றாள்.

மதியம் கணவர் ஸ்ரீதரன் அவளுக்குப் போன் எடுத்தார்.

"எங்க நிக்கிறீர்? வேலை முடிஞ்சுதெல்லே, வாருமன்."

"ஏலாதப்பா. ஆள் வராமல் நான் இறங்க ஏலாது."

"என்ன ஆள்? அங்க ஆர் நிக்கினம்?"

அவளுக்குப் பின்னால் ஆண்குரல்கள் ஒவ்வொன்றாகத் தங்கள் பெயரைச் சொல்வது ஸ்ரீதரனுக்குக் கேட்டது. ஏழாவது குரல் ஓய்ந்ததும் ஜெயமலர் தன் பெயரைச் சொன்னாள்.