மூன்று சென்டிமீட்டர் குறைவு

குழந்தைகள் காப்பகம் திறக்கப் போகிற அக்கா குனிந்தபடி அதிகாரியின் அறைக்குள் நுழைந்தார். பின்னால் வந்த கொத்தனார் இன்னும் கொஞ்சம் அதிகமாகவே குனிந்தார்.

அதிகாரிக்கு அது பிடித்திருந்தது.

தீப் பாதுகாப்புச் சான்றிதழ் கொடுக்கும் அந்த நாற்காலிக்கு அவர் வந்து ஆறு வருடம். முதல் நாளிலிருந்தே எல்லோரும் குனிந்துதான் வருகிறார்கள். திரும்பிப் போகும்போதும், முதுகைக் காட்டிக்கொண்டே, வாசலில் ஒரு தடவை குனிந்துவிட்டுத்தான் போகிறார்கள். முகம் திரும்பிய பின்னாலும் தொடர்வதுதான் உண்மையான மரியாதை என்று மைத்துனரிடம் அவர் சொல்லியிருக்கிறார். மைத்துனர் பேச்சை மாற்றிவிட்டார். மைத்துனர் வேலை செய்யும் இடத்தில் டீ கொண்டு வருபவர்கூட அவருக்குக் குனிவதில்லை.

காப்பகத்தின் பின்கதவு, அதாவது தீப்பிடித்தால் பிள்ளைகளை வெளியேற்ற வேண்டிய கதவு, நூற்றுத் தொண்ணூற்றேழு சென்டிமீட்டர் உயரம். விதிப்படி இருநூறு வேண்டும்.

அக்கா விதியோடு சண்டைக்கு வரவில்லை. சனி, ஞாயிறில் நிலையைப் பெயர்த்து உயர்த்திவிடுவதாகக் கொத்தனார் ஒப்புக்கொண்டிருந்தார். அதிகாரி திங்கட்கிழமை காலை ஒரு எட்டு வந்து அளந்துவிட்டால் போதும். அன்றைக்குத்தான் திறப்பு. பிள்ளையை விட்டுவிட்டு அன்று முதல் வேலைக்கு வருவதாக இருபத்திரண்டு தாய்மார்கள் தங்கள் முதலாளிகளிடம் சொல்லியாகிவிட்டது.

அதிகாரி காலண்டரைப் புரட்டினார். மறு ஆய்வு அடுத்த மாதம் பத்தொன்பதாம் தேதிதான் என்றார்.

மூன்று சென்டிமீட்டருக்கு ஒரு மாதமா என்று அக்கா கேட்டார்.

அதிகாரி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அவர் சாய்ந்தால் பிரசங்கம் என்பது ஓரத்து மேசை குமாஸ்தாவுக்குத் தெரியும். பேனாவை மூடி வைத்தார்.

"ஏம்மா, நெருப்பு வந்து, கொஞ்சம் குனிஞ்சு போங்கன்னு சொல்லிக்கிட்டு நிக்குமா? மனுஷன் தலை நிமிர்ந்து ஓடணும். அதுக்குத்தான் சட்டம்."

பிள்ளைகள் இடுப்புயரம்தான் இருப்பார்கள் என்று சொல்ல வந்ததை அக்கா விழுங்கிக்கொண்டார். எழுந்தார். வாசலில் குனிந்து வெளியேறினார்.

கொத்தனார் வெளியேறவில்லை. உள்ளே வரும்போதே அவர் நெற்றி லேசாக உரசியிருந்தது. தொழில் புத்தி சும்மா இருக்குமா? இடுப்பிலிருந்த டேப்பை உருவி, அந்த வாசலின் மேல் நிலைக்கும் தரைக்கும் நடுவே பிடித்தார்.

"நூத்தி அறுபத்தஞ்சு இருக்கு, சார்."



வாசலுக்கு மேலே, அவசர வழி என்று காட்டும் பச்சை விளக்குப் பலகை எரிந்துகொண்டிருந்தது. அந்த மாடியிலிருக்கும் அத்தனை பேருக்குமான அவசரப் படிக்கட்டு, அதிகாரி அறைக்குப் பின்னால்தான் இருக்கிறது; தீப்பிடித்தால் எல்லோரும் இந்த வாசல் வழியாகத்தான் ஓட வேண்டும். அந்த வாசலில் இதுவரை தலை நிமிர்ந்து ஓடியவன், பலகையில் இருந்த வெள்ளை மனிதன் ஒருவன்தான்.

குமாஸ்தா தொண்டையைச் செருமிக்கொண்டார். அதிகாரி வருவதற்கு முந்தைய வருடம், வயர்களெல்லாம் அடியில் ஓட வேண்டுமென்று தரையை ஒரு அடிக்கு மேல் உயர்த்தினார்களாம். நிலையைத் தொடாமல் கதவை மட்டும் அடியில் அறுத்துவிட்டார்களாம். இதுவரை யாரும் புகார் செய்யவில்லையாம்.

அதிகாரி ஆறு வருடங்களையும் ஒரு தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். ஒவ்வொருவராக வந்து, குனிந்து, போனார்கள்.

பிறகு, வாசலுக்கு வெளியே நின்றிருந்த அக்காவின் முகத்தைப் பார்க்காமலே, திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு வந்து அளப்பதாகச் சொன்னார்.

அக்காவும் கொத்தனாரும் போனதும், நம்முடைய கதவுக்கும் ஒரு நோட்டீஸ் அடித்துவிடட்டுமா என்று குமாஸ்தா மெதுவாகக் கேட்டார்.

அதிகாரி நாற்காலியை விட்டு இறங்கினார். வாசல்வரை நடந்தார். வெளியே போனார். திரும்பி உள்ளே வந்தார். இரண்டு தடவையும் தலை நிமிர்ந்தபடிதான். உச்சந்தலைக்கும் நிலைக்கும் நடுவே நாலு விரற்கடை மிச்சமிருந்தது.

"எனக்கு இடிக்கலையே."

நாற்காலியில் ஏறி உட்கார்ந்து மணியை அடித்தார்.

அடுத்த ஆள் குனிந்தபடி உள்ளே வந்தார்.

அதிகாரி, வழக்கம்போல, பெரிய மனசோடு தலையை அசைத்து அதை ஏற்றுக்கொண்டார்.