காசிக்குப் போன மைசூர்க்காரர்கள்

"எழுதுங்க. 'விசுவநாதர் தரிசனம் நல்லபடியா ஆச்சு. சாயந்திரம் கங்கை ஆரத்தி. நாளைக்கு ஊருக்குக் கிளம்புறோம்.' அவ்வளவுதான், போடுங்க."

"எந்த ஊருக்கு மங்களா? ஹால்லேர்ந்து படுக்கையறைக்கா?" என்றார் நஞ்சுண்டய்யா, கைபேசியில் தட்டிக்கொண்டே.

"கிண்டல் போதும். நாம இருக்கிற இடத்தைக் காட்டுமே, அதை அணைச்சீங்களா?"

"பத்து நாளா அணைச்சுத்தான் வெச்சிருக்கேன்."

மங்களகௌரி நிம்மதியாகக் கேசரிபாத்தைக் கிளறினாள். மைசூரில், அவர்கள் வீட்டுச் சமையலறையில்.

போன தசராவுக்கு ஹாசனிலிருந்து நஞ்சுண்டய்யாவின் சித்தப்பா குடும்பத்தோடு பத்தொன்பது பேர் வந்து இறங்கினார்கள். பத்து நாளும் மங்களா தோசைக்கல்லை விட்டு நகரவில்லை. யானை ஊர்வலத்தைக் கூட மறுநாள் பேப்பரில்தான் பார்த்தாள். இந்த வருஷம் நஞ்சுண்டய்யா ட்விட்டரில் ஒரே வரி எழுதினார்: 'பத்து நாள் காசி யாத்திரை.' யார் யாருக்கோ போன் செய்து பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சொந்தபந்தம் மொத்தமும் படித்துவிட்டது.

பத்து நாளும் ஜன்னல் சாத்தி, டிவியை ஊமையாக்கி, இருவரும் சோழி உருட்டி விளையாடினார்கள். கல்யாணமான புதிதில் கூட இவ்வளவு சிரித்ததில்லை.

"மங்களா, அடுப்பை அணை." நஞ்சுண்டய்யாவின் குரல் மாறியிருந்தது. "சித்தப்பா நம்ம பதிவுக்குக் கீழே எழுதியிருக்கார்."

"என்னவாம்?"

"'வனமாலாவும் காசியில்தானாமே! இரண்டு மருமகள்களும் கங்கைக் கரையில் சேர்ந்து நிற்கிற படம் ஒன்று இன்றைக்கே போடுங்கள். வீட்டில் எல்லாரும் காத்திருக்கிறோம்.'"

வனமாலா, மங்களாவின் ஓரகத்தி. அரண்மனைக்குப் பின் தெருவில் குடியிருப்பவள். நாம் ஒளிந்துகொண்டதில் பத்தொன்பது பேரும் அவள் தலையில் விழுந்திருப்பார்களே என்று மங்களா தினமும் உச்சுக்கொட்டிக்கொண்டிருந்தாள்.

"அவ எப்போ காசிக்குப் போனா?"

"முந்தாநாள் ஏதோ கோயில் படம் போட்டிருக்கா. நாமதான் பார்க்கல."

"போச்சு! அவ உண்மையான கங்கையில நிக்கிறா. நான் எங்கே போய் நிக்கிறது, தண்ணித் தொட்டியிலயா?" மங்களா நாற்காலியில் சாய்ந்தாள். "நம்ம பையன் பிரமோதுக்குச் சித்தப்பா பார்த்த பொண்ணு வீட்டுக்காரங்களும் இதைப் படிப்பாங்களே! பொய் தெரிஞ்சா சம்பந்தமே வேண்டாம்னுடுவாங்க."

"அவ கூப்பிடறதுக்குள்ள நீயே கூப்பிட்டு ஏதாவது சொல்லிடு."

மங்களா வனமாலாவின் எண்ணை அழுத்தினாள்.

"வனமாலா! காசிக்கு வந்தவ அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"ஐயோ அக்கா! நானே கூப்பிடணும்னு இருந்தேன். உங்க பதிவைப் பார்த்துத்தான் எங்களுக்கும் ஆசை வந்தது. நீங்க எந்தப் பக்கம் தங்கியிருக்கீங்க?"

"நாங்களா... அஸ்ஸி கட்டம்."

"அடடா! நாங்க அந்தக் கோடியில இருக்கோமே, ராஜ்காட். பரவாயில்ல, படகு பிடிச்சு வந்துடறேன். சித்தப்பா வேற படம் கேட்டிருக்காரே."

மங்களா கணவரைப் பார்த்தாள். அவர் வயிற்றைப் பிடித்துக் காட்டினார்.

"வேண்டாம் வனமாலா. அவருக்கு வயிறு சரியில்ல. காலையிலேர்ந்து ஏழு தடவை."

ஒரு தடவை போதாதா என்பதுபோல் நஞ்சுண்டய்யா தலையில் அடித்துக்கொண்டு ஒரு விரலைக் காட்டினார்.

"ஏழு தடவையா! பாவம், மச்சினர் படுத்திருக்கட்டும். தொந்தரவு பண்ண மாட்டேன். மோர் குடுங்க அக்கா."

எவ்வளவு நல்ல மனசு இவளுக்கு என்று மங்களாவுக்குக் கண் கலங்கியது. "அப்போ சித்தப்பாவுக்கு என்ன பதில் எழுதறது?"

"கூட்டத்துல பார்த்துக்க முடியலன்னு எழுதிடுவோம். என்ன கூட்டம் அக்கா இங்கே! கங்கைக் கரையில கால் வைக்க இடமில்ல. உங்க குரலே சரியாக் கேட்க—"

டொம்!

மங்களாவின் வீட்டு ஜன்னல் அதிர்ந்தது. ஊமை டிவியில் தங்க அம்பாரியின் மேல் பூ விழுந்துகொண்டிருந்தது. அரண்மனையில் பீரங்கி மரியாதை தொடங்கிவிட்டது. இருபத்தோரு குண்டு.

மங்களா போனை முந்தானையால் பொத்தினாள். "தொலைஞ்சோம்! அவ காதுல விழுந்திருக்கும்!"

"காசியிலயும் வெடிச்சாங்கன்னு சொல்லு!" என்று கிசுகிசுத்தார் நஞ்சுண்டய்யா.

அவள் போனை மறுபடி காதில் வைத்தாள். இரண்டாவது குண்டு வெடித்தது. இந்த முறை தெளிவாகக் கேட்டது: சத்தம் முதலில் போனுக்குள்தான் வந்தது. சில நொடி கழித்துத்தான் அவள் வீட்டு ஜன்னல் ஆடியது.

மூன்றாவது குண்டும் அப்படியேதான் வந்தது.

"அக்கா..."

"சொல்லு வனமாலா."

"உங்க காசியிலேர்ந்து எங்க காசிக்கு ஆட்டோவுல பத்து நிமிஷம்தான். மத்தூர் வடைக்கு மாவு பிசைஞ்சு வெச்சிருக்கேன். பெரிய நீலப் பட்டு ஒண்ணு இருக்கு, பின்னால விரிச்சா கங்கை. படத்தையும் எடுத்துடலாம். ஆனா கொல்லைப்பக்கமா வாங்க அக்கா, வாசக்கதவுல பத்து நாளா பூட்டுத் தொங்குது!"