நரோங் வைத்த சூனியம்

"சூனியமேதான்! போறப்போ அந்த நரோங் ஏதோ வெச்சுட்டுத்தான் போயிருக்கான்" என்று மேசையைத் தட்டினாள் மேலாளர் வாசனா.

அலுவலகத்தின் பன்னிரண்டு கணினிகளும் அன்றைக்கு மூன்றாவது தடவையாக ஒரே நேரத்தில் படுத்துவிட்டிருந்தன. தாய்லாந்தின் நக்கோன் சவானிலிருந்து அரிசி ஏற்றுமதி செய்யும் கம்பெனி அது. மூன்று மணிக்குள் கப்பல் தாள்கள் அச்சாகாவிட்டால் சரக்கு துறைமுகத்திலேயே கிடக்க வேண்டியதுதான்.

கணினிகளைப் பார்த்துக்கொண்டவன் நரோங். தோள்வரை முடியை வளர்த்துக்கொண்டு கீழ்த்தளத்தில் ஒரு மூலையில் கிடப்பான். வாசனா அவனிடம் நேரில் நாலு வார்த்தை பேசியிருந்தால் அதிகம். வேலை சொல்வதெல்லாம் போனில் குறுஞ்செய்தியாகத்தான்.

"எதுக்கு லீவுன்னு சொன்னாராக்கா?" என்று கேட்டாள் புதிதாகச் சேர்ந்திருந்த கிளார்க் பிம்.

"யாருக்குத் தெரியும்? லெட்டரை நீட்டினான், போன்ல பேசிக்கிட்டே கையெழுத்துப் போட்டேன். அவன் போன வாரத்துலேர்ந்து இந்தக் கூத்து. போனையும் அணைச்சு வெச்சிருக்கான். பழி வாங்குறான்டி! வேலையை விட்டுத் தூக்குற லெட்டர் ரெடி. இன்னைக்கே அவன் வீட்டுக்குப் போகுது."

வாசனாவும் இத்தனை நாள் சும்மா இருக்கவில்லை. எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான சர்வர் பெட்டிக்கு நேர் மேலே இருந்த சாமி மாடத்தில் தினம் மூன்று ஊதுபத்தி கொளுத்தியவள், அதை ஒன்பதாக்கினாள். சாமந்தி மாலை போட்டாள், சிவப்பு சோடா உடைத்து வைத்தாள். நாளுக்கு ஒரு தடவை படுத்த கணினிகள் மூன்று தடவை படுக்க ஆரம்பித்தன. சூனியம் முற்றிவிட்டது என்று அன்றைக்கே விகாரைக்கு ஆள் அனுப்பினாள்.

மழைக்காலமாதலால் விகாரையில் ஆளுக்குப் பஞ்சமில்லை. ஊர்ப் பையன்கள் பலர் அம்மாவின் புண்ணியத்துக்காக மொட்டை போட்டு, புருவத்தையும் மழித்துக்கொண்டு, மூன்று மாதம் அங்கேதான் இருப்பார்கள். ஒன்பது பிக்குகள் வந்து ஓதினார்கள், சாப்பிட்டார்கள். பெரிய பிக்கு மந்திரித்த தண்ணீரைத் தெளிக்க, பிம் ஓடி ஓடிக் கணினிகளைப் பிளாஸ்டிக் தாளால் மூடினாள்.

வரிசையில் கடைசியாக உட்கார்ந்திருந்த இளம் பிக்கு மட்டும் சர்வர் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவரிடம் குனிந்து ஏதோ கேட்டார். பெரியவர் தலையசைத்தார்.

"அந்த அலமாரியில ரெண்டாவது டிராயர்ல ஸ்க்ரூ டிரைவர் இருக்கும்மா" என்றார் இளம் பிக்கு பிம்மிடம்.

இருந்தது. பெண் கையிலிருந்து பிக்கு நேராக வாங்கக் கூடாதே என்று பிம் அதைத் துணியின் மேல் வைத்தாள்.

"ஞானதிருஷ்டிடி!" என்று கிசுகிசுத்து, இன்னும் ஒருமுறை விழுந்து கும்பிட்டாள் வாசனா.

பெட்டியைத் திறந்ததும் உள்ளேயிருந்த காற்றாடி தெரிந்தது. அதன் மேல் ஊதுபத்திச் சாம்பல் ஒரு விரல் கனத்துக்கு அப்பியிருந்தது. இளம் பிக்கு சாம்பலைத் துடைத்தார், ஊதுபத்திக் கிண்ணத்தை ஜன்னலோரம் நகர்த்தச் சொன்னார், பொத்தானை அழுத்தினார். கணினிகள் ஒவ்வொன்றாகக் கண் விழித்தன. பிரிண்டர் கப்பல் தாள்களைத் துப்பத் தொடங்கியது.

"சாமி, அப்படியே வர்ற லாட்டரிக்கு ஒரு நம்பர்..." என்று வாசனா இழுத்தாள். பெரிய பிக்கு சத்தமாக இருமினார்.

"காத்தாடி அடைச்சுப் பெட்டி சூடேறிருக்கும்மா, வேற ஒண்ணுமில்ல" என்றார் இளம் பிக்கு. "தினம் காலையில யாராவது துடைச்சிருந்தா போதும்."

வாசனாவுக்குப் போன கோபம் திரும்பி வந்தது. "கேட்டியாடி! தினம் துடைக்கணும்னு தெரிஞ்சிருந்தும் ஒரு வார்த்தை சொல்லாமப் போயிருக்கான் அந்தத் தடியன்!" வேலைநீக்கக் கடிதத்தை உறையில் திணித்து ஒட்டி பிம்மிடம் நீட்டினாள். "இப்பவே தபால்ல போடு."

இளம் பிக்கு புருவமில்லாத நெற்றியைத் தடவிக்கொண்டார்.

"லீவு லெட்டர்லேயே எழுதியிருந்தேனே, மேடம்... நீங்க படிக்கலையா?"