நாலாவது ஃபாரம்

"கையெழுத்து ஒத்துப்போகலை சார்."

வங்கியின் மூன்றாவது கவுண்ட்டரில் இருந்தவள் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு, ஃபாரத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

"மறுபடியுமா? இது மூணாவது தடவைம்மா!"

எகிறியவன் தேய்த்த சட்டையும் புதுத் தோல் பையுமாக இருந்தான். பக்கத்தில் அவன் அக்கா. தையல் கடைக்காரி. கழுத்தில் கிடந்த அளவு நாடாவைக்கூட எடுக்காமல் வந்திருந்தாள். அவளுடைய வரியில்லாச் சேமிப்பு முழுவதையும், தம்பி ஏஜெண்டாகச் சேர்ந்திருக்கும் கம்பெனிக்கு மாற்றத்தான் அந்த ஃபாரம்.

"வட்டியையும் குறைப்பீங்க, காசையும் எடுக்க விடமாட்டீங்க. நல்லா இருக்கு உங்க நியாயம்!"

"வட்டியை நானா சார் குறைச்சேன்? எங்ககிட்ட இருக்கிற கையெழுத்துல கடைசி வால் மேலே போகுது. இதுல கீழே தொங்குது. நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா என் வேலைதான் போகும்."

"குறை கண்டுபிடிக்கன்னே ஒரு கண்ணாடி வெச்சிருக்கீங்க!" அதோடு விட்டானா? அக்கா பக்கம் திரும்பினான். "உனக்கும் ஒரு கையெழுத்து ஒழுங்காப் போட வரல. அஞ்சாவதோட படிப்பை நிறுத்தினா இப்படித்தான்."

அக்கா தரையைப் பார்த்துக்கொண்டே அவன் பின்னால் போனாள்.

கவுண்ட்டர்க்காரிக்கு அன்று மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. வீட்டைப் பூட்டிவிட்டு நாலு தடவை இழுத்துப் பார்க்கிற ஜாதி அவள். ஒன்று மனதில் விழுந்தால் குடைந்துகொண்டே இருக்கும்.

தையல்காரி மாசா மாசம் தனியாக வந்து பணம் கட்டுவாளே, அந்தச் சீட்டுகளில் கையெழுத்து எப்படி இருக்கும்?

எடுத்துப் பார்த்தாள். பத்துச் சீட்டு. பத்தும் அச்சில் வார்த்த மாதிரி. ஒரு வால்கூடக் கீழே தொங்கவில்லை.

அப்படியென்றால் தம்பி கூட வந்தால் மட்டும் வால் ஏன் கீழே தொங்குகிறது? கமிஷனுக்காகக் கூடப்பிறந்தவள் தலையிலேயே மிளகாய் அரைக்கிறானோ? பத்து வருஷத் தையல் காசு. வரியில்லாக் கணக்கிலிருந்து ஒருமுறை போய்விட்டால், அத்தனையையும் திரும்ப அதே சலுகையில் போடவும் முடியாது.

அடுத்த வாரம் இருவரும் நாலாவது ஃபாரத்தோடு வந்தார்கள்.

அவள் அதைத் தொடக்கூட இல்லை. "அடையாள அட்டை நகல் ஒண்ணு வேணும் சார். எதிர்க்கடையில எடுக்கலாம்."

அவன் முணுமுணுத்துக்கொண்டே வெளியே போனான். அவன் தலை மறைந்ததும் அவள் ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தினாள்.

"இதுல ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா."

தையல்காரி யோசிக்காமல் போட்டாள். வால் அழகாக மேலே போயிற்று. போட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"உங்களை மிரட்டுறாரா? தைரியமாச் சொல்லுங்க, நான் மேனேஜர்கிட்டப் பேசுறேன்."

"ஐயோ, அவனா?" தையல்காரி வாயைப் பொத்திச் சிரித்தாள். "பல்லியைப் பார்த்தாலே நாற்காலி மேல ஏறி நிப்பான்!"

"அப்புறம் ஏன் தப்பாப் போட்டுக் கொடுக்கிறீங்க?"

"அவன் கம்பெனியில வட்டி கூடத்தான். ஆனா அதுக்கு வரி பிடிப்பாங்க. எனக்குக் கடை வருமானம் வேற இருக்கு. துணி வெட்டுற பேப்பர்ல கணக்குப் போட்டுப் பார்த்தேன். வரி போக மிஞ்சுறதைவிட, நீங்க குறைச்சுக் கொடுக்கிறதே எனக்கு மேல். வரி கட்டாதவங்களுக்கு அவன் திட்டம் நல்லதுதான். எனக்குத்தான் கட்டுப்படியாகாது."

"அதை அவர்கிட்டயே சொல்லிடலாமே?"

தையல்காரி வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"வேலை போய் ரெண்டு வருஷம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்மா. இப்பத்தான் ஒரு மாசமா காலையில சட்டையைத் தேய்ச்சுப் போட்டுக்கிட்டுக் கிளம்புறான். முதமுதல்ல என்கிட்டத்தான் ஃபாரத்தை நீட்டினான். சொந்த அக்காவே வேண்டாம்னு சொன்னா, அந்தச் சட்டையைக் கழட்டி மாட்டிடுவான். பேங்க் முடியாதுன்னா உங்களைத் திட்டிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போயிடுவான். போன வாரம் ரெண்டு பேரைச் சேர்த்துட்டான் தெரியுமா?" சொல்லும்போதே முகம் மலர்ந்தது. உடனே சுருங்கியது. "பாவம், திட்டு பூரா உங்களுக்குத்தான் விழுது."

தம்பி நகலோடு திரும்பி வந்தான்.

கவுண்ட்டர்க்காரி வெள்ளைத் தாளை உள்ளங்கைக்குக் கீழே மறைத்துக்கொண்டாள். நாலாவது ஃபாரத்தின் மேல் பூதக்கண்ணாடியைப் பிடித்தாள். வால் கீழேதான் தொங்கியது.

"ஒத்துப்போகலை சார்."

"போதும்மா! இனிமே இந்தப் பக்கமே வர மாட்டோம். பணம் இங்கேயே கிடக்கட்டும். வா அக்கா, நான் இன்னும் ரெண்டு பேரைப் பார்க்கணும்." பையைத் தோளில் மாட்டியவன் திரும்பி நின்று சொன்னான்: "இவ்வளவு பெரிய கண்ணாடி வெச்சுப் பார்த்தும் உங்களுக்கு ஒண்ணுமே தெரியலையே!"

"வாஸ்தவம் சார்," என்றாள் அவள். "மூணு தடவை ஒண்ணுமே தெரியாமத்தான் போச்சு."