லியோன் வீட்டுச் சாப்பாட்டு மேசை

போன் அதிர்ந்தபோது ஸ்டெல்லா கிருமாம்பாக்கம் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தாள்.

கம்பெனி கேன்டீனில் ஞாயிற்றுக்கிழமை வேலை முடிந்து வந்த நேரம். திரையில் மகள் அருள்மலரின் படம். வீடியோ அழைப்பு.

எடுக்கப் பயமாக இருந்தது.

மகள் பிரான்சுக்குப் போய் இது மூன்றாவது மாதம். லியோன் நகரத்தில் ரொட்டியும் கேக்கும் செய்யக் கற்றுக்கொள்கிறாள். புதுச்சேரியில் அவள் வேலை பார்த்த பேக்கரியின் முதலாளியம்மாதான் இடம் வாங்கித் தந்தார். தங்கியிருப்பது ஒரு பழைய வீட்டில். ஆளுக்கொரு அறை, சமையலறை மட்டும் பொது. கூட இருப்பவர்கள் பிரேசில்காரி பவுலா, செனகலிலிருந்து வந்த இப்ராஹிமா, வியட்நாம் பையன் ஒருவன். மூன்று பேரின் படங்களையும் மகள் அனுப்பியிருந்தாள்.

இங்கேயே யாரோடும் ஒட்டாத பெண் அங்கே போய் என்ன செய்யும் என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். கணவன் பாக்யராஜ் மட்டும்தான் போகட்டும் என்றான். ஸ்டெல்லா அரை மனதோடு பெட்டி கட்டினாள்.

சொந்தக்காரர்கள் சொன்னதுதான் நடந்தது.

போன மாதம் ஒரு மெசேஜ் வந்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு எல்லோரும் மேசையில் உட்கார்ந்து பேசிப் பேசிச் சிரிக்கிறார்களாம். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று இவளுக்குப் புரியாதாம். இவளும் சும்மா சிரித்துவைப்பாளாம். இப்போதெல்லாம் தட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விடுகிறாளாம்.

அன்றைக்கு ஸ்டெல்லாவுக்குச் சோறு இறங்கவில்லை. கிளம்பி வந்துவிடு என்று பதில் அனுப்பினாள். இந்த ஞாயிற்றுக்கிழமை முடிவு சொல்வதாக மகள் எழுதியிருந்தாள்.

கடலூர் பஸ் ஒன்று ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு போனது. அதை விரட்டிக்கொண்டு ஒரு கரும்பு லாரி. ஸ்டெல்லா நின்ற இடத்திலேயே போனை முகத்துக்கு நேராகப் பிடித்து அழைப்பை எடுத்தாள்.

பக்கத்தில் நின்ற காசம்மாள் காதைப் பொத்திக்கொண்டாள். பாகூர்க்காரி, கேன்டீனில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகிறது.

“இந்தச் சத்தத்துல இன்னாமா கேக்கும்? அந்தாண்ட தள்ளிப் போய்ப் பேசேன்.”

பரவாயில்லை என்று ஸ்டெல்லா தலையசைத்தாள். கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை.

அழுத முகமில்லை. கன்னத்தில் மாவு ஒட்டியிருந்தது.

அருள்மலர் போனை எதன்மீதோ சாய்த்துவைத்துவிட்டு நகர்ந்தாள். நீளமான மேசை தெரிந்தது. சட்டியில் ஆவி பறக்கும் சோறு, ஏதோ ஒரு சிவப்புக் குழம்பு. படத்தில் பார்த்த மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் காலியாக ஒரு நாற்காலி, அதன் எதிரில் ஒரு தட்டு.

அருள்மலர் போய் அதில் உட்கார்ந்தாள்.

ஸ்டெல்லா போனை முகத்துக்கு இன்னும் கிட்டே கொண்டுவந்தாள்.

பவுலா இப்ராஹிமாவின் முதுகில் தட்டி முன்னே தள்ளிவிட்டாள். நெடுநெடுவென்று வளர்ந்தவன், வாத்தியாரிடம் பாடம் ஒப்பிக்க வந்தவன் போலத் திரைக்கு முன்னால் நின்றான். கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

காது மடலை இரண்டு விரலால் மெல்ல இழுத்தான். பிறகு ஐந்து விரலையும் குவித்து வாயருகே கொண்டுபோய்ப் புருவத்தை உயர்த்தினான்.

அம்மா, சாப்பிட்டீங்களா?

அது பிரெஞ்சுக்காரர்களின் சைகை இல்லை. காது கேளாதோர் பள்ளியில் மகளுக்குச் சொல்லித்தந்ததும் இல்லை. பிறவியிலேயே காது கேட்காத அருள்மலர், நடக்கப் பழகிய வயதில் ஸ்டெல்லாவின் கம்மலைப் பிடித்து இழுத்துத்தான் கூப்பிடுவாள். அதுவே அந்த வீட்டில் அம்மா என்ற சொல்லாகிவிட்டது. தாயும் தகப்பனும் மகளும் தவிர உலகத்தில் வேறு யாருக்கும் அது தெரியாது.

தப்பாகச் செய்துவிட்டோமோ என்று இப்ராஹிமா திரும்பிப் பார்த்தான். அருள்மலர் எழுந்து வந்து அவன் விரல்களைச் சேர்த்துக் குவித்துவிட்டாள். அதைப் பார்த்து வியட்நாம் பையனும் தன் காதை இழுத்தான். பவுலா இரண்டு காதையும் இழுத்தாள். அருள்மலர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள்.

என்ன முடிவு எடுத்தாய் என்று கேட்க ஸ்டெல்லாவுக்குத் தோன்றவே இல்லை.

போனைக் காசம்மாளிடம் நீட்டினாள்.

“செத்த இதப் புடி அக்கா.”

அந்தக் குழம்பில் என்ன போட்டிருக்கிறீர்கள் என்று கேட்க அவளுக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது.