காற்று புகும் கதவு

அன்று காரில் இருந்தவர்கள் நான்கு பேர். ஓட்டியவர், காரின் சொந்தக்காரர். பக்கத்தில் அவர் மனைவி. பின் சீட்டில் அவருடைய அக்கா. அக்காவுக்குப் பக்கத்தில், காற்றுச் சத்தம் வரும் இடத்தைத் தேட ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு மெக்கானிக்.

காருக்கு வயது ஐம்பத்தெட்டு. பம்பரில் முகம் பார்த்துத் தலை வாரலாம், அவ்வளவு பளபளப்பு. ஆனால் வேகம் அறுபதைத் தொட்டால் போதும், உள்ளே புகும் காற்று விசிலடித்துக் காதைப் பிய்த்துவிடும்.

“நாலு வருஷமா சொல்றேன்” என்றாள் மனைவி, மெக்கானிக்கிடம். “பம்பரைத் துடைக்க இவருக்கு நேரம் இருக்கு. கதவு ரப்பரைப் பார்க்க நேரம் இல்லை. இன்னிக்கு நானே இவரைப் பட்டறைக்கு இழுத்துட்டு வந்தேன்.”

“பழைய கார்னா கொஞ்சம் காத்து வரத்தான் செய்யும்” என்றார் சொந்தக்காரர்.

“இது கொஞ்சமா சார்? உள்ளே குக்கர் வச்ச மாதிரி இருக்கு” என்றார் மெக்கானிக்.

கதவு, கண்ணாடி என்று ஓர் இடுக்கு விடாமல் உள்பக்கமாகவே டேப் ஒட்டினார். “இப்ப சத்தம் வராது. வண்டி ஓட ஓட ஒவ்வொண்ணா உரிப்பேன். எதை உரிச்சதும் விசில் அடிக்குதோ, அங்கதான் ஓட்டை.”

கார் பெரிய சாலையில் ஏறியது. அறுபது. எழுபது. சத்தமே இல்லை.

மனைவிக்கு ஒரு பழக்கம். அக்கா தனிமரமாகி இவர்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து வந்த பழக்கம். கார் வேகம் பிடித்ததும் கணவர் பக்கம் சாய்ந்து, வீட்டில் பேச முடியாததையெல்லாம் பேசுவாள். காற்றை மீறிப் பேசிப் பழகிய குரல். பின் சீட்டுக்கு எதுவும் எட்டாது என்ற தைரியம்.

அன்றும் சாய்ந்தாள். அதே குரல்.

“ஏங்க, ஞாயித்துக்கிழமை உங்க தம்பி வீட்டுக்குப் போறோமில்ல? உங்க அக்காவை அங்கேயே விட்டுட்டு வந்துடலாம். துணிமணியெல்லாம் நானே எடுத்து வைக்கிறேன். திரும்பக் கூட்டிட்டு வரவே வேணாம். என்ன சொல்றீங்க?”

சொந்தக்காரருக்கும் ஒரு பழக்கம்.

“என்ன? காத்துல ஒண்ணும் கேட்கலை!” என்று கத்தினார்.

“காத்தே இல்லையே சார்” என்றார் மெக்கானிக், பின்னாலிருந்து.

காருக்குள் யாரோ எச்சில் விழுங்கியது தெளிவாகக் கேட்டது.

மனைவி சட்டென்று திரும்பிப் பார்த்தாள். அக்கா கண்ணை மூடியிருந்தாள். வண்டி கிளம்பியதும் தூங்கிவிடுவது அவள் வழக்கம். “நல்லவேளை, தூங்குறாங்க” என்று மனைவி முணுமுணுத்தாள்.

மெக்கானிக் டேப்பை உரிக்கத் தொடங்கினார். முன்கதவில் ஒன்றை உரித்ததும் விசில். பின்கதவில் ஒன்றை உரித்ததும் இன்னொரு விசில். மற்ற இடமெல்லாம் சுத்தம்.

பட்டறைக்குத் திரும்பியதும் மனைவிக்கு மகளிடமிருந்து போன் வந்தது. பேசியபடியே தெருப்பக்கம் போய்விட்டாள். மெக்கானிக் முன்கதவைத் திறந்து குனிந்து பார்த்தார்.

“சார், இது தேய்ஞ்ச ரப்பர் இல்லை. பிளேடால வெட்டியிருக்கு. யாரோ வேணும்னே பண்ணியிருக்காங்க.”

“மெதுவாப் பேசுப்பா. நான்தான்.”

“நீங்களா?”

“அவ பேசினதைக் கேட்டே இல்ல? நாலு வருஷமா இதே பேச்சு. அக்கா காதுல விழுந்தா அவங்க மனசு உடைஞ்சுடும். என்னை வளர்த்து ஆளாக்கினவங்க. அவங்களுக்காகத்தான் இந்தச் சத்தத்தை நான் பொறுத்துக்கிறேன்.” சொல்லும்போது அவருக்கே கண் கலங்கியது.

“மேடம்கிட்ட ‘அப்படிப் பேசாதே’ன்னு ஒரு தடவை சொல்லியிருந்தா ரப்பராவது பிழைச்சிருக்குமே சார்?”

“உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?”

“ஆச்சு சார்.”

“அப்புறம் ஏன் கேட்கிறே?”

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். “சரி, முன்கதவு புரியுது. பின்கதவுலயும் விசில் அடிச்சுதே, அதை எதுக்கு வெட்டினீங்க?”

“பின்கதவா? அதை நான் தொடவே இல்லையே!”

“அது நான்.”

பின் சீட்டிலிருந்து குரல் வந்தது. அக்கா கண்ணைத் திறந்திருந்தாள்.

“நீ வெட்டினதுல எனக்கு ஒண்ணும் மறையலைடா. அவ கேட்டதும் கேட்டுச்சு. அதுகூடப் பரவாயில்லை. ஒவ்வொரு தடவையும் நீ ‘காத்துல கேட்கலை’ன்னு சொன்னதும் கேட்டுச்சு. அதுதான் தாங்கலை. நகவெட்டியை எடுத்து என் காதுப் பக்கம் நானே கொஞ்சம் வெட்டிக்கிட்டேன்.”

சொந்தக்காரர் வாயைத் திறந்தார்.

அதற்குள் மனைவி வந்துவிட்டாள். “என்னப்பா, எத்தனை கதவுக்கு ரப்பர் மாத்தணும்?”

மெக்கானிக் சொந்தக்காரரைப் பார்த்தார். சொந்தக்காரர் பம்பரைப் பார்த்தார்.

“ஒரு கதவுக்குப் போதும் தம்பி” என்றாள் அக்கா. “முன்கதவுக்கு மட்டும். பொட்டுக் காத்து நுழையாம நல்லா இறுக்கிப் போடு. இனிமே இவ கேட்கிறது அவன் காதுல ஒழுங்கா விழட்டும்.”

“அப்படிச் சொல்லுங்க அண்ணி!” என்றாள் மனைவி, மனம் குளிர்ந்து.

புது ரப்பரோடு கார் கிளம்பியது. அறுபதைத் தொட்டதும் மனைவி கணவர் பக்கம் சாய்ந்தாள். அக்கா தன் கதவுப் பக்கம் சாய்ந்தாள்.

காரில் மிச்சமிருந்த ஓட்டை ஒன்றுதான்.